மொட்டைமாடி அறைக்கு அளவெடுத்த கதை

செல்போன் டவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைப் போல எனக்கு எரிச்சலூட்டுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. பயப்படுவது தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தை அவர்கள் செல்போனில்தான் என்னிடம் சொல்கிறார்கள். போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம், "அலை எங்க மண்டையைத் துளைக்குது சார்" என்று. பதினோரு வருஷமாக இதே பாட்டு. ரேடியோ அலைகளை அளக்கும் அலுவலகத்தில் நான் அளவுக்காரன். புகார் வந்த வீட்டுக்குப் போய், மர முக்காலியில் கருவியை நிறுத்தி, ஆறு நிமிஷம் காத்திருந்து, வருகிற எண்ணை எழுதிக்கொண்டு வருவேன். எண் வரம்புக்குக் கீழே இருக்கும். அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கட்டடத்திலிருந்து வந்த புகார் பதினான்கு பக்கம். ஆறு மாடி, இருபத்துநான்கு வீடு, இருபத்துநான்கு கையெழுத்து. தூக்கம் வரவில்லை, முடி கொட்டுகிறது, மூன்றாவது மாடிப் பெண் கணக்கில் பெயில், எல்லாவற்றுக்கும் மொட்டைமாடி டவர்தான் காரணமாம். எழுதியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். கையெழுத்திலேயே பிரம்பு தெரிந்தது.

ஆறாவது மாடியில் அவர் வீட்டுக் கூடத்தில் கருவியை நிறுத்தினேன். வேடிக்கை பார்க்கப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "எல்லாரும் போனை அணைச்சிடுங்க. இல்லன்னா அதையும் சேத்துக் காட்டும்" என்றேன். நன்றாகத் தலையாட்டினார்கள். எண் வரம்பில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. நான்காவது நிமிஷம் சடாரென்று ஏறியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று செயலாளர் குதித்தார். குதித்தவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்து, "அப்புறம் பேசறேன்மா, இங்க கதிர்வீச்சு ஏறுது" என்று மகளிடம் சொன்னார்.

இவர்களுக்குப் பாடம் நடத்தியே என் தொண்டை கட்டிவிட்டது. டவரில் இருக்கும் ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி. முன்னால் அடிக்கும், காலடியில் அடிக்காது. கீழே இருக்கிறவர்களுக்கு வருவது மிச்சம் மீதிதான். காதோடு ஒட்டிய போனிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த ஆபீஸருங்க எல்லாம் கம்பெனி பக்கம்தான்" என்று சோபாவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள். காதில் விழாத மாதிரி முக்காலியை மடக்கினேன்.

மேலே போய் ஆன்டெனாவை ஒரு தடவை பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. டவர் கம்பெனி கொடுத்திருந்த வரைபடத்தில் மொட்டைமாடி வெறும் கட்டம். ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் டவர், அவ்வளவுதான். நிஜத்தில் நடுவில் ஒரு அறை இருந்தது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. கம்பெனிக்காரர்கள் உயரமான கம்பம் நடச் சோம்பல்பட்டு, ஆளுயரக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, மாடிக்குக் குறுக்கே திருப்பி வைத்திருந்தார்கள். அது அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. டேப்பை இழுத்துப் பார்த்தேன். மூன்றரை மீட்டர்.

உள்ளே ஒரு பெண் தையல் மிஷினில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேனின் மனைவி. கட்டடம் முழுக்க அவளுக்குத் தையல்காரம்மா என்றுதான் பெயர். ஒன்பது வருஷமாக அந்த அறையில் இருக்கிறார்கள். டவர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பதினான்கு பக்கப் புகாரில் இந்த அறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. செயலாளர் வீட்டுத் திரைச்சீலையை நான் கீழே பார்த்திருந்தேன், அதையும் இவள்தான் தைத்திருப்பாள்.

"என்ன சார் அது?"

"டவர்லருந்து அலை எவ்வளவு வருதுன்னு அளக்கற மிஷின்மா."

மிதியிலிருந்து காலை எடுத்தாள். "இங்க அளக்க வேணாம் சார்."

"ஏம்மா?"

"கீழ அளந்தாச்சு இல்ல? அப்படியே போயிடுங்க."

எனக்கு வந்ததே கோபம். கீழே இருப்பவர்கள் ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறார்கள், இங்கே உண்மையிலேயே அளக்க வேண்டிய இடத்தில் வேண்டாம் என்கிறார்கள். படிப்பறிவில்லாத பயம் என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன். "அதிகமா இருந்தா உங்களுக்குத்தானே கெடுதல்?" என்றேன்.

"அதிகமா இருந்தா நீங்க எழுதுவீங்க. நீங்க எழுதினா யார் போவாங்க? அந்தக் கம்பம் போகுமா, நாங்க போவோமா?"

"கம்பம்தான்மா போகும். சட்டம் அப்படி."

"சட்டம் எனக்குத் தெரியாது சார். இந்த ஆளுங்களத் தெரியும். இந்த ரூம் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்க வேற இடம் கிடையாது. அவருக்கு வேலை இங்க. எங்க அண்ணன் வீடு ஏழு மணி நேரம் பஸ்ல. யோசிச்சு செய்யுங்க."

"எழுதறவன் நான்தானேம்மா. நான் இருக்கேன், பயப்படாதீங்க." இதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கூட இருப்பேன். இப்படிச் சிரிக்கிற ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது.

அவள் எழுந்து ஸ்டூலை நகர்த்தினாள். அந்த இடத்திலேயே முக்காலியை நிறுத்தினேன். இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், தலை உயரம், ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிஷம். பொதுமக்களுக்கான வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஆன்டெனாவுக்கு முன்னால் இப்படி வருவது புதிதில்லை. ஆனால் எல்லா மாடியிலும் அந்த இடத்தில் புறாக்கள்தான் இருக்கும். ஆள் வாழ்கிற இடத்தில் வரம்பு தாண்டியதைப் பதினோரு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துள்ளிக் குதிக்காத குறைதான்.

"ரெண்டு வருஷமா இதுக்கு எதிர்லதான் இருக்கோம். என்ன ஆயிட்டோம்?" என்றாள்.

"உடனே ஒண்ணும் ஆகாதும்மா. உடம்பு சூடாகி கெடுதல் வர்ற அளவுக்கு ரொம்பக் கீழயே கோடு போட்டு வெச்சிருக்காங்க. ஆனா கோடுன்னா கோடுதான்."

"அந்தக் கோட்டத் தாண்டியே நாங்க இருந்துக்கறோம் சார்."

கருவியை மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினேன். செயலாளரிடம், "இருபத்துநாலு வீட்லயும் ஒண்ணுமில்ல. மேல இருக்கற அறையிலதான் தாண்டுது" என்றேன். தாண்டுது என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பிறகு, "மேல யாரும் குடியில்லையே" என்று குழம்பினார்.

"வாட்ச்மேனும் அவர் சம்சாரமும் இருக்காங்களே."

"ஓ, அவங்களா" என்றார். கதவு மேல் இருக்கிற பல்லியைக் காட்டினாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

அந்த 'ஓ'வுக்காகவே சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அறிக்கை எழுதினேன். வரைபடத்தில் அறையை மறைத்த கம்பெனியை ஒரு பிடி பிடித்தேன். புகாரில் அறையை மறந்த சங்கத்தையும் விடவில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும். முதலாவது உடனடி நடவடிக்கை: அந்த இடத்துக்கு ஆட்கள் வராமல் தடுப்பது. இரண்டாவது நிரந்தர நடவடிக்கை: ஆன்டெனாவை உயர்த்துவது, அல்லது திசை திருப்புவது. புறாக்கள் உட்காரும் மாடிகளுக்கு நான் இரண்டிலும் டிக் போடுவேன். ஒரு சங்கிலியும் ஒரு எச்சரிக்கைப் பலகையும் மாட்டுவார்கள், அதோடு சரி. அன்றும் கை தானாக இரண்டிலும் போட்டது. முதல் கட்டத்தை நிறைவேற்றி அங்கே ஆளே இல்லை என்று ஆகிவிட்டால் இரண்டாவது கட்டம் தேவையில்லை என்பது விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லித்தருவதே நான்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து சான்றிதழ் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கம்பத்தை நகர்த்திவிட்டார்கள் என்று நினைத்து விசில் அடித்துக்கொண்டு படியேறினேன்.

அறை இல்லை. தகரங்களை அடுக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் செங்கல் தடம். சுற்றிலும் சங்கிலி, சங்கிலியில் 'உள்ளே நுழையாதீர்' என்று மஞ்சள் பலகை. ஆன்டெனா ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அதன் கீழே கம்பெனி அதிகாரியும் செயலாளரும் சம்பந்திகள் போல் குலாவிக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க முதல் கட்டத்துல சொன்னபடியே செஞ்சிட்டோம் சார். ரெண்டே நாள்ல முடிச்சாச்சு" என்றார் செயலாளர். பரீட்சையில் முதல் வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

"ரெண்டாவது கட்டம் என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

கம்பெனி அதிகாரி பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரியை எனக்கே வாசித்துக் காட்டினான்.

"டவரை எடுக்கணும்னு பதினாலு பக்கம் எழுதினீங்களே?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"அது வாபஸ் வாங்கியாச்சு சார். எங்க வீடுகள்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? சயின்ஸை நம்பணும் இல்லையா? டவரை எடுத்துட்டா சிக்னல் வேற போயிடுமாம்."

பதினோரு வருஷத்தில் என் எண்ணை நம்பிய முதல் ஆள் இந்த மனுஷன்தான். அந்த மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அளந்தேன். சங்கிலிக்கு வெளியே எல்லாம் வரம்புக்குள் இருந்தது. சான்றிதழில் 'வரம்பு மீறிய இடத்தில் வசிப்போர்' என்ற வரிக்கு எதிரே 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடாமல் வந்திருக்கலாம். வந்திருந்தால் வேறு ஒருவன் போட்டிருப்பான். இந்தச் சமாதானத்தை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவனை நாலு பேர் முன்னால் நாறடித்திருப்பேன். செயலாளர் சான்றிதழை அங்கேயே போனில் படம் பிடித்துக்கொண்டார், கண்ணாடி போட்டுக் கீழே நுழைவாயிலில் மாட்டப் போகிறார்களாம்.

வெளியே போகக் கேட்டுக்கு வந்தேன். கேட்டோரம் வாட்ச்மேனுக்கு ஒரு தகரக் கூண்டு. முன்பு அதில் நாற்காலி மட்டும் இருந்தது. இப்போது சுருட்டிய பாய், ஒரு டிரங்குப் பெட்டி, கொடியில் ஒரு பனியன். பகல் வேலையும் இங்கேதான், படுக்கையும் இங்கேதான். அவர் உள்ளே குனிந்து உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலை முடிஞ்சுதா சார்? இப்ப கம்மியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. தையல்காரம்மா எங்க?"

"அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன் சார். இங்க ரெண்டு பேர் படுக்க முடியாது. இப்படித்தான் போன்லயே பேசிக்கறோம். காலைல ஆரம்பிச்சா படுக்கற வரைக்கும் அவ லைன்லதான் இருப்பா. அவ பாட்டுக்குத் தைப்பா, நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

போனை அழுத்திப் பிடித்துப் பிடித்துக் காது சிவந்திருந்தது. நாலு பக்கமும் தகரம் அடைத்த கூண்டில் சிக்னல் திணறும். திணறத் திணற போன் தன் முழு பலத்தையும் போட்டு அலையை அனுப்பும். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். வெட்கங்கெட்ட வாய், அதைச் சொல்லிவிட்டது. "போனைக் காதுல ஒட்ட வெக்காதீங்க. தகரத்துக்குள்ள உக்காந்து இவ்வளவு நேரம் பேசாதீங்க, வெளிய நின்னு பேசுங்க. இயர்போன் வயர் மாட்டிக்கிட்டா இன்னும் நல்லது."

அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போனுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "யாருங்க அது?"

"நம்ம ரூமை அளந்தாரே, அந்த சார்மா. போன்ல இப்படிப் பேசக் கூடாதாம்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"போனை உள்ள வைங்க. அவரைக் கிட்ட விடாதீங்க. இதையும் அளந்துடப் போறாரு."

எனக்கும் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. சங்கடமாகச் சிரித்துக்கொண்டே போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.