சத்தம் கேக்கல

இந்த உதைக்கும் ஒட்டகம் மசியவில்லை. கிக்கர் பாதியிலேயே திருப்பி அடித்ததில் சின்னவளின் கெண்டைக்கால் விண்ணென்று தெறித்தது. காலைத் தடவிக்கொண்டே மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அதற்கு உள்ளே, கட்டிலில், அப்பாவின் மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் அவளும் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஒட்டகம் என்பது அப்பாவின் பைக். தொலைதூரம் போவதற்கென்றே செய்த பழைய வண்டி. உயரமென்றால் அப்படியொரு உயரம். ஏறி உட்கார்ந்தால் அவளுக்குக் கால் நுனிதான் தரையில் படும். முன்னால் வயிறு பெருத்த பெட்ரோல் டேங்க். இரண்டு பக்கமும் நசுங்கிப்போன அலுமினியப் பெட்டிகள். ஒவ்வொரு நசுங்கலுக்கும் அப்பாவிடம் ஒரு கதை உண்டு, பாதி பொய். வேகமென்று பார்த்தால் தபால்காரரின் வண்டிகூட முந்திவிடும். ஆனால் தபால்காரரின் வண்டி தெருமுனையோடு திரும்பிவிடும், ஒட்டகம் திரும்பாது. தார் முடிந்து மண் வந்தாலும், மண் முடிந்து ஆறு வந்தாலும் முனகிக்கொண்டே போய்க்கொண்டிருக்கும்.

அப்பா லிப்ட் மெக்கானிக். “வேலைன்னு வந்ததுலேர்ந்து மேலயும் கீழயுமே போயிட்டு வர்றேன். லீவுலயாவது நேரா போறேனே” என்பார். புது வண்டிகளைக் காட்டினால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சொன்னபடி கேக்குது. அப்படி ஒண்ணு வீட்டுல இருந்தா நமக்குச் சரிப்படாது” என்று அம்மாவை ஓரக்கண்ணால் பார்ப்பார். அம்மா அந்த வண்டியை ‘என் சக்களத்தி’ என்றுதான் சொல்வாள். அந்தச் சக்களத்தியின் பின்சீட்டில் உட்கார்ந்து மலையேறி மேகத்துக்கு மேலே போய்வந்தவளும் அவள்தான்.

அப்பா பேச்சை நிறுத்திச் சில நாட்களாகியிருந்தன. இன்று காலையில் திடீரென்று உதடு அசைந்தது.

“சத்தம் கேக்கல.”

காது அடைத்துவிட்டது என்று நினைத்த நர்ஸம்மா குனிந்து, “ஐயா, நான் பேசுறது கேக்குதா?” என்று கத்தினார். அம்மா ஓடிப்போய் ரேடியோவைக் கூட்டி வைத்தாள். அப்பா முகத்தைச் சுளித்தார். சின்னவளுக்குத்தான் சட்டென்று உறைத்தது. பயணம் எதுவும் இல்லாத நாளிலும் காலையில் ஒட்டகத்தைக் கொஞ்ச நேரம் உறும விட்டுவிட்டுத்தான் அப்பா வேலைக்குக் கிளம்புவார். தெருவே அந்தச் சத்தத்தில்தான் கண்விழிக்கும், திட்டிக்கொண்டே விழிக்கும். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சத்தம் இல்லை.

“வண்டிச் சத்தத்தைக் கேக்குறாரும்மா.”

“அப்ப போய்ப் போடு,” என்றாள் அம்மா, லைட்டைப் போடச் சொல்வதுபோல.

“புகை மேல வராம பாத்துக்கோங்க,” என்றார் நர்ஸம்மா. “ஏற்கெனவே மூச்சு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு.”

அந்த வார்த்தைதான் சின்னவளின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. தன் கையாலேயே புகையை அனுப்பி அப்பாவின் மூச்சை நிறுத்திவிட்டால்? உதைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஏதாவது ஆகி, பக்கத்தில் தான் இல்லாமல் போய்விட்டால்? கிளம்பவே கிளம்பாமல், அவர் கடைசியாகக் கேட்டது கிடைக்காமலே போய்விட்டால்? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது.

சோக்கை இழுத்தாள். கிக்கரை மெதுவாக மிதித்து, அது இறுகும் இடத்தைத் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டு உடம்பின் எடையை மொத்தமாக இறக்கினாள். வண்டி இருமியது, தும்மியது, பிறகு அடிவயிற்றிலிருந்து டுபுடுபுவென்று பிடித்துக்கொண்டது. வந்த சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சூடாகும்வரை கையை எடுக்கக் கூடாத வண்டி அது. பொட்டென்று அணைந்தது.

மேலே நர்ஸம்மாவின் குரல் கேட்டது. “நின்னுடுச்சும்மா.”

எது நின்றது? மூச்சா? சின்னவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. “வண்டியச் சொல்றாங்கடி. பேயறைஞ்ச மாதிரி நிக்காத. அப்பா கண்ணத் தொறந்துட்டார். மறுபடி போடு.”

“என்ன சொல்றார்?”

“உதட்டப் பிதுக்குறார். ‘கைய எடுத்துட்டா பாரு, உன் பொண்ணு’ன்னு அர்த்தம்.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுபடி உதைத்தாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. சத்தம் சுவரில் மோதி, ஜன்னல் கண்ணாடியைக் கிடுகிடுவென்று ஆட்டியது. நல்லவேளையாகக் காற்று புகையைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு பயம் குறைந்த இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்தது. மேலிருந்து யார் கூப்பிட்டாலும் இனி இந்த இரைச்சலில் கேட்காது. மாடிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் வண்டி அணைந்துவிடும், அணைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஜன்னலில் இப்போது யாரும் இல்லை.

போகப்போக எஞ்சின் சூடாகி, சத்தம் சீரானது. சோக்கை உள்ளே தள்ளினாள். இனி கையை எடுக்கலாம், தானாகவே ஓடும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை. படியேறிப் போய்ப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை மேலே ஒன்றும் நடக்காது என்று கிறுக்குத்தனமாக ஒரு நினைப்பு. விரல்கள் மரத்துப்போயின. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இந்தச் சத்தத்துக்காக அப்பாவோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டவர். இன்று முகமெல்லாம் சிரிப்பு.

“வண்டிச் சத்தம் கேட்டதும் எனக்கு உசுரே வந்துது,” என்று இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார். “என்னம்மா, அப்பா கிளம்பிட்டாரா?”

அவருக்குப் பின்னால், அம்மா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக வந்தாள். கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அம்மா வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போதும்டி.”

“இன்னும் சூடாகலம்மா,” என்றாள் சின்னவள்.

அம்மா பின்சீட்டின் தூசியை உள்ளங்கையால் துடைத்து, கண்ணாடியை அங்கே வைத்தாள். வண்டியின் அதிர்வில் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சீட்டின் ஓரத்துக்கு வந்தது. கீழே விழாமல் அம்மா கையை வைத்துத் தடுத்துக்கொண்டாள்.