பச்சையில் சொருகிய மைக்

“அப்பா, சத்தமே வரலையே?”

மகள் இப்போதுதான் வந்திருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, நேராக உள்ளறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும், யாருக்கு என்ன? கல்யாணத்துக்குப் பிறகு பெற்றவளோடு ஒரு வார்த்தை பேசாதவளுக்கு, அழுகையைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது.

வயர்மேனான அப்பா கதவோரம் நின்றார். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர் இழுத்த வயரில்தான் விளக்கு எரிகிறது. போன வாரம் மனைவி படுக்கையிலிருந்தே பிடிவாதம் பிடித்தாள். மகளுக்கு ஃபோன் போட மாட்டாளாம், ஆனால் அவளிடம் பேச வேண்டுமாம். இவரும் கடையில் இருப்பதிலேயே மலிவான மைக்கை வாங்கி வந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து சொருகி, திரையில் பதிவு செய்வதற்கான சிவப்பு வட்டத்தை அழுத்தினார். விநாடிகள் ஓடத் தொடங்கின.

“நீங்க வெளிய போங்க. இது எனக்கும் அவளுக்கும்.”

“நான் கேட்டா என்ன, தேஞ்சா போயிடுவே?”

“போங்கன்னா போங்க. அவ கேட்டப்புறம் நீங்க கேளுங்க.”

போனார். கதவையும் சாத்தினார். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. இன்று விடியற்காலை உயிர் போனதும் மகளை அழைத்து, “அம்மா உனக்குன்னு நிறைய பேசி வெச்சிருக்கா, வந்துடும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் அடித்துப்பிடித்து ஓடி வந்தாள்.

மகள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். “அடச்சே! ஸ்பீக்கர் வயர் கழண்டு கிடக்குப்பா. பயந்தே போயிட்டேன்.” லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். வயர்மேனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு அவள் எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, ஸ்பீக்கர் சொருகுற இடத்துல மைக் இருக்கு? பச்சையில?”

“ஆமா. பச்சைன்னா எர்த்துதானே? பத்திரமா இருக்கட்டும்னு ஸ்பீக்கரை உருவிட்டு…”

“மைக்கை ரோஸ் ஓட்டையில சொருகணும்ப்பா.”

பச்சை வயரை நம்பியே காலம் தள்ளியவர். எத்தனை பேர் வீட்டில் ஷாக் அடிக்காமல் அது காப்பாற்றியிருக்கிறது! பாவி மனுஷன், ஒரு வார்த்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

மைக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைச் சொருகி, மறுபடி ஓட விட்டாள். லேசாக ஓர் இரைச்சல், அவ்வளவுதான். திரையில் குரலுக்கு ஏறி இறங்க வேண்டிய கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராகக் கிடந்தது.

“அம்மா என்ன சொன்னாங்கப்பா? கோவமா இருந்தாங்களா? உங்ககிட்ட ஏதாவது…?”

“அன்னிக்கே கேட்டுப் பார்த்தேம்மா. அவ வாயே திறக்கல.”

மகள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ, “வண்டி வந்தாச்சு, தூக்கலாமா?” என்றார்கள். இருவரும் அசையவில்லை.

“ஒரு தடவை சிரிச்சா” என்றார் வயர்மேன். “கதவுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். கேட்டுச்சு.”

“எப்போ?”

“நடுவுல… எங்கயோ நடுவுல.”

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்புக்குறியை அந்தக் கோட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்து அழுத்தினாள். பிறகு ஸ்பீக்கரின் சத்தத்தை முழுவதுமாகத் திருகிவிட்டு, காதை அதனருகே கொண்டுபோனாள்.