தேநீர் நிறத் தண்ணீர்

மீன் தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். சாப்பிட்ட தட்டைக்கூட நாலு தடவை சொன்னால்தான் கழுவுகிறவன் நான். அன்றைக்குப் பார்த்து எனக்குச் சுறுசுறுப்பு வந்து தொலைத்தது. அடியில் ஊறிக் கிடந்த சருகுகளை வாரிக் குப்பையில் போட்டேன். கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். போதாததற்கு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன்.

"ஐயய்யோ, என் தம்பியோட மீனாச்சே!" என்றாள்.

என் மைத்துனன் ஓடை மீன்களை ஆராய்பவன். இந்த இரண்டும் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். விலாவில் ஒரு சிவப்புக் கோடு. காட்டுக்குள் ஒரே ஓடையில் வாழ்ந்த இனம். அந்த ஓடைமேல் இப்போது சாலை போகிறது. ஆய்வுக்கூடத்தில் மராமத்து வேலை, அவனுக்கு வெளியூரில் கூட்டம். "அத்தான், நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்" என்று சொல்லித்தான் ஒப்படைத்தான். ஒன்றும் செய்யாமல் இருப்பது, அந்த ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

மத்தியானத்துக்குள் சிவப்பு வெளிறிவிட்டது. ஒன்று சாய்ந்து நீந்தியது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மீன் கடைக்கு ஓடினேன்.

"இந்த மருந்தை ரெண்டு சொட்டு விடுங்க, குளோரின் போயிடும்" என்றார் கடைக்காரர்.

"மீன் பிழைக்குமா?"

"தங்கமீன்னா சொல்லிடுவேன் சார். இதை நான் பார்த்ததே இல்லையே."

மைத்துனனுக்குப் போன் செய்தேன். "அந்தச் சருகை எடுத்துத் திரும்பப் போடுங்க. அது ஊறின தண்ணியிலதான் அதுங்க வாழும்."

"பிழைக்குமாடா?"

"பஸ் ஏறிட்டேன் அத்தான்."

குப்பைக்கூடைக்குள் தலையை விட்டுச் சருகுகளைப் பொறுக்கினேன். அவற்றைக் குழாயடியில் கழுவப் போனபோது மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும், நீங்க செஞ்ச சுத்தம்!"

"பிழைக்கும்தானே?"

"நல்லதையே நினைங்க."

இருட்டும்போது அவன் வந்தான். பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"வேற ஏதாவது மருந்து வாங்கிட்டு வரட்டுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினான்.

"காபி?"

"வேணாம் அத்தான்."

நானும் முழங்காலை மடக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்கிட்ட மறைக்காதடா. பிழைக்குமா?"

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தான்.

"செவுள் வெந்துபோச்சு அத்தான். ரெண்டும் பிழைக்காது. இதுக்கப்புறம் இந்த மீன் எங்கேயும் இல்ல."