சொந்த வேலையாக ஒரு திங்கட்கிழமை

சோஷியல் டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு இல்லை, காரியத்துக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க.

தொண்டை டாக்டர் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, "இது தொண்டையா, தார் ரோடா?" என்று கேட்டிருந்தார். "ஒரு நாள் முழுக்கப் பேசக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். அந்த ஒரு நாளைக் கொடுத்தாதான் மருந்து வேலை செய்யும். இப்படியே விட்டீங்கன்னா கத்தி வைக்க வேண்டியதாயிடும்."

"ஞாயித்துக்கிழமை இருந்துக்கலாமா டாக்டர்?"

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"வீட்டுக்காரர், பொண்ணு, மாமியார்."

"அப்ப வேற நாள் பாருங்க," என்றார் டாக்டர்.

உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பள்ளியில் தொண்டை என்று சர்டிஃபிகேட் கொடுத்தவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். ஃபிஸிக்ஸ் சார். 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்' என்று அவரை அன்பாக லைப்ரரிக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. நியூட்டனைக் கரைத்துக் குடித்த மனிதர் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு, தூசிக்குத் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை மட்டும் நன்றாக ஆகிவிட்டது. பேசத்தான் ஆள் இல்லை.

பொதுத்தேர்வு வருகிற நேரத்தில் டீச்சர் தன் பத்தாம் வகுப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அட்டை போடப் போக மாட்டாள். வரைபடத்தில் எந்த நதியைத் தேடினாலும் கடலுக்குள் போய்க் குத்துகிற பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக் கரைக்குக் கொண்டு வந்திருந்தாள். ஆகவே லீவுக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதினாள்.

எழுதியதோடு முடிந்ததா? அந்தப் பள்ளியில் லீவு வேண்டுகிறவர் தன் பீரியடுகளைத் தானே தலையில் சுமந்துகொண்டு ஸ்டாஃப் ரூமில் மேசை மேசையாகப் போய் விற்க வேண்டும். யார் எந்தப் பீரியடை ஏற்றுக்கொண்டார் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகே பிரின்ஸிபால் அறைக் கதவைத் தட்டலாம். உலகத்தில் வேறு எந்தச் சந்தையிலும் இல்லாத வினோதம், இங்கே சரக்கையும் கொடுத்து விலையையும் விற்கிறவரே கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இன்டர்வெலில் முதலில் கணக்கு சாரிடம் போனாள். அவருக்கு எந்த வருஷமும் பாடம் முடிந்ததில்லை. அடுத்தவர் பீரியடைக் கண்டால் பசி வந்துவிடும்.

"பத்தாம் கிளாஸா? கொடுங்க, கொடுங்க. காலைலயும் நானே, மத்தியானமும் நானே."

"பதிலுக்கு என்னிக்கு எனக்குத் தருவீங்க சார்?"

"தர்றதா?" கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்களுக்கு உதவி பண்றேன் டீச்சர். உதவிக்கெல்லாம் கணக்குப் பாப்பாங்களா?"

கணக்கு சாரே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? அவள் தாளை நீட்டினாள். கையெழுத்து விழுந்தது.

பி.டி. சார் எட்டாம் வகுப்பை வாங்கிக்கொண்டார். மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. விலையாக அடுத்த வாரம் முழுவதும் சாப்பாட்டுக் கூட டியூட்டியை அவள் தலையில் கட்டினார். நூற்றுக்கணக்கான தட்டுகளும் டம்ளர்களும் உருள்கிற இரைச்சலில், "வரிசையில நில்லு! தண்ணி கொட்டாதே!" என்று கத்துகிற வேலை. ஒரு நாள் மௌனத்துக்கு ஒரு வாரக் கத்தல். அநியாய வட்டிதான். ஆனால் அவளுக்குப் பேரம் பேசத் தெம்பில்லை. பேரம் பேசவும் தொண்டைதான் வேண்டியிருக்கிறது.

மிச்சமிருந்த ஏழாம் வகுப்பைத் தமிழம்மா எடுத்துக்கொண்டார். அவர் டியூட்டி எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது சேதி.

"எங்கேடி போறே?"

"எங்கயும் இல்லக்கா. வீட்லதான்."

"வீட்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா எவளாவது சாப்பாட்டு டியூட்டியை விலைக்கு வாங்குவா? என் காதுல பூ சுத்தாதே." தமிழம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் புது ஸ்கூல் ஆரம்பிச்சிருக்காங்களே, திங்கட்கிழமை அங்க இன்டர்வியூவாம். என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டு வெறும் காற்று வந்தது. அந்தக் காற்றுக்குத் தமிழம்மா தன் இஷ்டப்படி உரை எழுதிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த உரை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, ஆயாம்மாவே வந்து, "நல்லபடியா போயிட்டு வாங்க டீச்சர், அங்க எனக்கும் ஒரு வேலை பாருங்க," என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் அவள் உள்ளே நுழைந்தபோது பிரின்ஸிபால் எழுந்து நின்றார். இதுவரை அவர் எந்த டீச்சருக்கும் எழுந்து நின்றதில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தாள். நிஜமாகவே வேண்டியிருந்தது. அவர் கடிதத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சொந்த வேலைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"நம்ம ஸ்கூல்ல உங்களுக்கு என்ன குறை வெச்சோம்னு தெரிஞ்சுக்கலாமா?"

மத்தியானம் வரைக்கும் ஓட்டிய தொண்டை. இன்னும் ஒரு பீரியட் பாக்கி. இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

எதிராளி வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் விலை சொன்னவன் தானாகவே விலையை ஏற்றுவான். பிரின்ஸிபாலும் ஏற்றினார்.

"சாயங்காலம் பிள்ளைங்களை ஏத்தி விடற பஸ் டியூட்டிதானே? இன்னியோட எடுத்துடறேன். வேற யாரையாவது போட்டுக்கறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. பத்தாம் கிளாஸ் கோஆர்டினேட்டர் நீங்கதான். பேரன்ட்ஸ் மீட்டிங்லாம் நீங்களே பேசலாம்."

பேரன்ட்ஸ் மீட்டிங்! அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதை அவர் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பன்னிரண்டாம் கிளாஸும் எடுத்துக்குங்க! சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முழுக்க உங்களுக்கே. இதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

இன்னும் கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்திருந்தால் காலைப் பிரார்த்தனையும் இரவுக் காவலும்கூடத் தன் தலையில் விழும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், எனக்கு அதெல்லாம் வேணாம். ஒரு நாள் லீவு போதும்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் ஒரு நாள்தானே தேவை," என்றார் பிரின்ஸிபால் கசப்பாக.

அவள் பதில் சொல்லப் போனாள். பாதி வார்த்தையில் குரல் கிழிந்தது. இருமல் வந்தது. ஒன்றல்ல, பின்னாலேயே அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தன. இருமி முடித்து நிமிர்ந்தபோது பிரின்ஸிபால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெகுநேரமாகக் காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்திருந்தது. வாங்கப் போகிற சட்டையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளருடைய முகம்.

"தொண்டையா?"

இனி மறைத்துப் பயனில்லை. தலையை ஆட்டினாள்.

"அடடா. இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா?" அவர் குரலில் இப்போது பாசம் வழிந்தது. "பன்னிரண்டாம் கிளாஸெல்லாம் உங்களுக்குக் கஷ்டம்மா. கோஆர்டினேட்டரும் வேணாம், எதுக்கு வீண் சுமை? நான் ஒண்ணு சொல்றேன். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. லைப்ரரில ஃபிஸிக்ஸ் சார் தனியாத்தான் இருக்கார்."

அவளுக்குள் ஏதோ ஒன்று சோர்வையும் மீறி எழுந்து நின்றது. கோபம் என்று சொல்ல முடியாது, அதற்கும் சக்தி வேண்டும். வெளியே பாலத்தின் வளைவு தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, அதையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"லைப்ரரின்னா, நான் யோசிக்க வேண்டியிருக்கும் சார்."

பிரின்ஸிபாலும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அங்க... இந்தத் தொண்டை விஷயம் தெரியுமா?"

"அங்க யாரும் என்னைக் கேக்கல சார்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அங்கே யாருக்கும் அவளைத் தெரியவே தெரியாது. ஆனால் பிரின்ஸிபால் அதை நாக்கில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். சொத்தைத் தொண்டை என்று தெரியாமல் அந்தப் புதுக்காரர்கள் இவளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். தேர்வுக்கு முன்னால் பத்தாம் வகுப்பு அநாதையாகும். பெற்றோர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். சங்கதி எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

"பத்தாம் கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

"லீவு?"

"திங்கட்கிழமை மட்டும். செவ்வாய்க்கிழமை நீங்க இங்க இருக்கணும்."

"இருப்பேன் சார். பஸ் டியூட்டி எடுக்கறதா சொன்னீங்களே?"

"அது பழையபடிதாம்மா. வேற ஆள் எங்க இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் பஸ் டியூட்டியையும் கழற்றியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆனால் கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேனாவைத் தடுக்கிற அளவுக்கு அவளிடம் ஆசை மிச்சமில்லை.

திங்கட்கிழமை காலை வீடே நுனிக்காலில் நடந்தது. மாமியாரை நாத்தனார் வந்து மாலை வரைக்கும் கூட்டிப்போய்விட்டாள். அதற்கு விலையாக அடுத்த விடுமுறையில் நாத்தனார் பிள்ளைகள் இங்கே வந்து தங்கப்போகிறார்கள். மகள் மட்டும் குஷியாக இருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு அம்மாவால திட்ட முடியாது. நான் ஹோம்வொர்க் பண்ணல!"

அவள் பார்த்தாள். பார்வை மட்டும்தான். மகள் பேசாமல் போய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, "சரி, நீ ஒண்ணும் பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டு. சீப்பு எங்க?" என்றார். சீப்பு எங்கே இருக்கிறது என்று எந்தத் தலையாட்டலில் சொல்வது? அவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார். கதவைச் சாத்தினாள்.

வீடு இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. குழாய் சொட்டியது. அடுக்களையில் போட்டது போட்டபடி கிடந்தது, கிடக்கட்டும். மருந்தை விழுங்கிவிட்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்தாள். கைகால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் கிடப்பது போல இருந்தது. கண் சொருகியது.

மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள். ஒருவன் பையை உருட்டிவிட்டான். இன்னொருவன் அலறினான். மூன்றாவது சிரிப்பு, நான்காவது சண்டை.

"ஏய்! என்ன அங்க சத்தம்?"

படிக்கட்டு கப்சிப் என்று ஆயிற்று. யாரோ யாரையோ, "மெதுவா வாடா," என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

டீச்சர் பாயில் எழுந்து உட்கார்ந்து, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கத்தியது தான்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பாதித் தூக்கத்தில், பாழாய்ப்போன தொண்டையில், அப்படி ஒரு குரல்! கணக்கு சார், பி.டி. சார், தமிழம்மா, பிரின்ஸிபால், நாத்தனார் என்று ஊரையெல்லாம் சரிக்கட்டி வாங்கிய மௌனத்தை யார் பெற்ற பிள்ளைகளுக்கோ தானம் பண்ணியாயிற்று. தோள் குலுங்கியது. சிரிப்பதும் கூடாது என்று நினைவு வந்து அதையும் அடக்கினாள்.

போனது போகட்டும், நாள் இன்னும் நிறைய இருக்கிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள். நாள் இந்த நிமிஷத்திலிருந்துதான் ஆரம்பம் என்று தனக்குத்தானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.