டொமிங்காஸுக்கு எந்த நாடு

என் அக்கா முஹோங்கோ கட்டிக்கொண்டவர் அங்கோலாக்காரர். பெயர் சபாலோ. அவருடைய நாட்டில் சண்டை நடந்த காலத்தில், சின்னப் பையனாக, அம்மாவின் முதுகுத் துணியைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி காங்கோவில் இருக்கிற எங்கள் கமாக்கோவுக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் அப்பாதான் வீட்டுக்குப் பின்னால் குடிசை போட இடம் கொடுத்தார். எங்களோடு சேர்ந்து மரவள்ளிக் களி தின்று, எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்து வளர்ந்தார். பேச்சும் ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் சோக்வே இன ஆட்கள்தான். அவரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தாமதமாகத் தெரிந்தது.

அங்கே சண்டை ஓய்ந்ததும் அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு டுண்டோவுக்குத் திரும்பிப் போனார். லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. சிமெண்டுத் தரை போட்ட இரண்டு அறை, தெருக்கோடியில் குழாய், பெரும்பாலான சாயங்காலங்களில் விளக்கு. டொமிங்காஸ் அங்கேதான் பிறந்தாள்.

நான் கமாக்கோவிலேயே தங்கிவிட்டேன். என் புருஷன் எங்கள் ஆற்றில் மூழ்கி மூழ்கிச் சரளைக்கல் அள்ளி வைரம் தேடினவன். ஒருநாள் இறங்கினவன் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு சந்தையில் மாவுருண்டை பொரித்து விற்று வயிற்றைக் கழுவுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அக்கா குடும்பம் வரும். மாமா வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பிபீஷ், உங்க ஊர்ல ரோடு இன்னும் பொறக்கவே இல்லையா? எல்லைவரைக்கும் தார் ரோட்டுல சொகுசா வந்தேன். அதுக்கப்புறம் வாடகை பைக்காரன் என்னை இறங்கித் தள்ளச் சொல்லிட்டான். கூலியும் குடுத்து, வண்டியும் தள்ளிட்டு வரேன்."

"ஏன் மாமா, உங்க தார் ரோட்டுல ஓட்ட பெட்ரோலுக்கு நாள் பூரா வரிசையில நிக்கிறீங்களாமே? காலுக்கடியில எண்ணெயை வெச்சிக்கிட்டு."

"வரிசையில நின்னாலும் கிடைக்குதுல்ல? உங்க நாடு எங்களை மாதிரி ரெண்டு மடங்கு பெருசு. காடு இருக்கு, ஆறு இருக்கு, செம்பு இருக்கு, வைரம் இருக்கு. ஊசி போட ஒரு டாக்டர் மட்டும் இல்ல. எங்களுக்குக் கடலே இருக்கு தெரியுமா? எம்மாம் பெரிய கடல்!"

"நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா மாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "டிவியில பாத்திருக்கேன்."

வீடே சிரித்தது. டொமிங்காஸ் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். அக்கா மட்டும் சட்டியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "சோறு போட்ட ஊரு. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

இந்த வம்பு எங்களுக்குப் பழகிப்போனது. எங்கள் சந்தையில் விற்கும் சோப்பும் அரிசியும் பீரும் அவர்கள் பக்கத்திலிருந்து வருகிறவை. அவர்கள் வைரக் குழிகளில் இறங்கித் தோண்டியவர்கள் எங்கள் ஆட்கள். ஆறுகள்கூட அவர்கள் மேட்டில் பிறந்து எங்கள் பள்ளத்துக்கு இறங்கி வருபவைதான். இதில் யார் உசத்தி என்று கேட்டுச் சிரிப்பதில் யாருக்கும் நோகவில்லை.

அக்காவுக்கு அங்கே அடையாள அட்டை கிடையாது. எப்போது கேட்டாலும் மாமா, "நீ என் பொண்டாட்டி. உன்னை எவன் கேக்கப்போறான்?" என்பார்.

டொமிங்காஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம் கேட்டார்கள். அட்டை இல்லாத வெளிநாட்டுக்காரர்களையெல்லாம் திருப்பி அனுப்புவது என்று அங்கே முடிவாகியிருந்தது. மாமா லாரியோடு சவுரிமோ பக்கம் போயிருந்தார். அக்கா டுண்டோ சந்தையில் காய்ந்த மீன் விற்றுக்கொண்டிருந்தாள், பக்கத்தில் டொமிங்காஸ். சிப்பாய்கள் வந்து அட்டை கேட்டார்கள். பிள்ளைக்கு அப்பா பெயரில் பிறப்புப் பதிவு உண்டு. ஆனால் தாள் வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்று அக்கா கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் சந்தையில் தார்ப்பாய்க்குக் கீழே எண்ணெய்ச் சட்டியை மழையிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, தலையில் மீன் தட்டோடு ஒருத்தி சேற்றில் நடந்து வருவதைப் பார்த்தேன். பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்திருந்தது. முகம் தெரிகிறவரைக்கும் அது என் அக்கா என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீன் ஒன்றுகூட விற்காமல் நனைந்து ஊறிப்போயிருந்தது.

"இறக்கி வை அக்கா" என்றேன்.

"எங்க இறக்குறது?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரியாதவள் போலக் கேட்டாள்.

அந்த வாரங்களில் கமாக்கோ தாங்கவில்லை. மாதா கோயில் முற்றம், பள்ளிக்கூடத் திண்ணைகள், கடை வாசல்கள், எங்கே பார்த்தாலும் இறக்கிவிடப்பட்ட ஜனங்கள். மெத்தையோடு வந்தவர்கள் உண்டு. ஒற்றைச் செருப்போடு வந்தவர்களும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் கலங்கி, பிறகு நாறத் தொடங்கியது. என் வீட்டில் மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தோம்.

டொமிங்காஸுக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது முதலில். பிறகு விளக்கு எங்கே என்று கேட்டாள். டுண்டோவில் போல இங்கே பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை மேலங்கி வேண்டாமா என்று கேட்டாள். தெருப் பிள்ளைகள் அவள் போர்த்துகீசியம் கலந்து பேசுவதைக் கேட்டுவிட்டு "அங்கோலாக்காரி, அங்கோலாக்காரி" என்று பின்னாலேயே ஓடின. ஒரு நாள் அழுதுகொண்டு வந்து, "சித்தி, நான் உங்க ஆளுதானே? அவங்ககிட்ட சொல்லு" என்றாள். நான் போய் அந்தப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு வந்தேன். திட்டு வாங்கின சந்தோஷத்தில் அவை இன்னும் உரக்கக் கத்தின.

அப்புறம் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காலையில் ஆரம்பித்தது, வெயில் ஏறுவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினோம். தாதி நல்லவள். அலமாரியைத் திறந்தே காட்டினாள். காலி.

"குளுக்கோஸ் தீந்து போச்சும்மா. வந்தவங்களுக்கே பத்தல. சிக்காபா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

சிக்காபாவுக்குப் போகும் சாலையை மழை அறுத்துப் போட்டிருந்தது. பைக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். ஒருவன் மட்டும், "பள்ளத்துல விழுந்தா நாலு பேரும் போயிடுவோம் அக்கா, நான் பிள்ளைக்குட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தாதி உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தாள். அக்கா ஒரு கரண்டி, நான் ஒரு கரண்டி என்று மாறி மாறி ஊற்றினோம். பாதி வெளியே வந்தது. பக்கத்துப் பாயில் கிடந்த குழந்தை மறுநாள் காலையில் இறந்துபோனது. டொமிங்காஸ் பிழைத்தாள். தேறி எழுந்தபோது முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாதா கோயில் மணி அடித்தால்கூடத் திடுக்கிட்டாள்.

அக்கா அந்த நாளோடு மாறிவிட்டாள். பேச்சு குறைந்தது.

மாமா வந்தபோது மழைக்காலம் முடியும் தறுவாய். இளைத்திருந்தார். இந்த முறை சாலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்கா அவருக்குச் சோறு வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் எப்ப வர்றது?"

"கேட்டேன். எல்லா இடத்திலயும் கேட்டேன்" என்றார். "பாஸ்போர்ட் வேணுமாம். அதுல விசா குத்தணுமாம். ரெண்டுக்கும் நீ தலைநகரம் கின்ஷாசாவுக்குப் போகணும்."

"கின்ஷாசாவா?" நான் குறுக்கே விழுந்தேன். "இங்கேர்ந்து சிக்காபா போறதுக்கே வழியில்லாமத்தானே புள்ளை சாகக் கிடந்தா? கின்ஷாசா யாரு போனா மாமா?"

"அங்கேயே இருந்தப்ப வாங்கியிருக்கலாம்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "எத்தனை தடவை கேட்டேன் உன்னை?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அடுத்த மாசம், அடுத்த மாசம்னே இருந்துட்டேன் முஹோங்கோ."

"நீ இங்க வந்துடேன். முன்னாடி இருந்தவன்தானே?"

"வந்து என்ன பண்றது? ஆத்துல முங்கவா?" சொன்ன பிறகுதான் நான் இருப்பது ஞாபகம் வந்து, "மன்னிச்சுக்க பிபீஷ்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை.

அக்கா கேட்டாள்: "அங்க சாயங்காலம் விளக்கு எரியுதா இப்ப?"

"சில நாள் எரியுது."

"குழாயில தண்ணி?"

"வருது."

"ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் இருக்கா? சத்தியமாச் சொல்லு. பெருமைக்குச் சொல்லாத."

"இருக்கு. எப்பவும்னு சொல்லமாட்டேன். இருக்கு."

"அப்ப அவளைக் கூட்டிட்டுப் போ."

மாமாவும் அதைத்தான் கேட்க வந்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிள்ளையின் தாளைச் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தார். கேட்க வாய் வராமல் இருந்தவருக்கு அக்காவே சொல்லிவிட்டாள்.

டொமிங்காஸ் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு விளக்கு வேணாம். இருட்டுல இருக்கேன். நான் கேக்கவே மாட்டேன் இனிமே" என்று கதறினாள். அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லைத் தடுப்புவரைக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள், தூக்குகிற வயசா அது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை ஈரத்தில் மின்னியது. மாமா பிள்ளையை வாங்கிக்கொண்டார். காவலுக்கு நின்றவன் தாளைப் பார்த்தான், விட்டான். அக்காவைப் பார்த்து, "நீ நில்லு" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா சேற்றில் காலை எங்கே வைப்பது என்றுதான் பேசினாள்.

முதல் வருஷம் ஞாயிறுதோறும் போன் வரும். புது மேலங்கி, புது டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன்னைக் காங்கோக்காரி என்று கூப்பிடுகிறான் என்றாள் ஒரு தரம். இங்கே அங்கோலாக்காரி, அங்கே காங்கோக்காரி. அக்கா, "கூப்பிட்டா கூப்பிடட்டும், நீ படி" என்றாள். வரவரப் பிள்ளையின் பேச்சில் எங்களுக்குப் புரியாத வார்த்தைகள் கூடின. அக்கா போனை வைத்த பிறகு என்னிடம் கேட்பாள், எனக்கும் தெரியாது.

பிறகு அங்கேயும் காலம் கெட்டது. எண்ணெய் விலை விழுந்ததென்றும், அவர்கள் பணத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துச் சோப்பு வருவது நின்றது. மாமாவுக்கு லாரி வேலை போனது. அவர் கடற்கரைத் தலைநகரான லுவாண்டாவுக்குப் போய்விட்டார், பிள்ளையோடு. இன்னொரு பெண்ணோடும் என்று ஒரு டிரைவர் சொன்னான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு, "சமைக்க ஆள் வேணும்ல" என்று மட்டும் சொன்னாள்.

போன் அரிதானது. கடைசியாக நாங்கள் சந்தையில் இருந்தபோது வந்தது, டொமிங்காஸே பேசினாள். ஊருக்கு வெளியே தகர வீடாம். தண்ணீர் லாரியில் வருமாம், விலைக்கு. பள்ளிக்கூடம் நின்று போயிருந்தது. ரோட்டில் வண்டிகள் நிற்கும் இடத்தில் குளிர்ந்த தண்ணீர்ப் பைகளை விற்கிறாளாம்.

"கடலைப் பாத்தியாடி?" என்று கேட்டேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"தூரத்துல தெரியும் சித்தி. போகல." பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட குடு."

அக்கா போனை வாங்கினாள். சத்தம் வெளியே கேட்டது.

"அம்மா, நான் அங்க வந்துடட்டுமா?"

சந்தைக்குள் ஒருவன் ஆட்டை இழுத்துக்கொண்டு போனான். இரண்டு பைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றாள் அக்கா. "இங்க வராத."

"ஏன்மா?"

"இங்க ஒண்ணும் மாறல. அங்கேயே இரு. திரும்ப ஸ்கூல்ல சேத்துவிடச் சொல்லு உங்கப்பாகிட்ட."

எதிர்முனையில் அழுகையோ வண்டிச் சத்தமோ, எது என்று தெரியவில்லை. பிறகு தொடர்பு அறுந்து போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெத்தவளா நீ? வரட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நம்ம களியில பாதி தின்னுட்டுப் போறா!"

"களி இல்லாமயா அன்னிக்கு செத்துக்கிட்டிருந்தா?" என்றாள் அக்கா. "பக்கத்துப் பாயில கிடந்த புள்ளையை நீ மறந்துட்ட. நான் மறக்கல." அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்த நம்பரைப் பிறகு எத்தனையோ முறை அழைத்தோம். இல்லாத எண் என்று ஒரு பெண் குரல் போர்த்துகீசியத்தில் சொல்கிறதாம், எல்லையில் வேலை செய்கிற ஒருவன் கேட்டுவிட்டுச் சொன்னான். மாமாவைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. அக்கா ஒரு முறை புதர் வழியாக எல்லை தாண்டிப் போனாள். டுண்டோவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலில் முள் குத்தின புண் ஆற வெகுகாலம் பிடித்தது.

இப்போது என்னோடு சந்தையில் மாவு பிசைகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து லாரி வரும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். லுவாண்டாவரைக்கும் போகிற டிரைவர் யாராவது உண்டா என்று விசாரிப்பாள். தண்ணீர்ப் பை விற்கும் ஒரு பெண், இந்த உயரம் இருப்பாள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று சொல்வாள். அங்கே அப்படி ஆயிரம் பிள்ளைகள் என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். சிலர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு ஏறிப் போவார்கள். அவள் உயரத்தைக் காட்டும் கை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மேலே போகிறது.