உள்ளே சாய்ந்த வேலி

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. போன மாதம், செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போன பஸ் படாளத்தில் நின்றுவிட்டது. எதிரே ஒரு கடலையெண்ணெய் மில். சுற்றிலும் புது முள்கம்பி வேலி. இரும்புக் கம்பங்களின் தலைகள் மில்லைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. வெளியாள் ஏறிக் குதிக்காமல் தடுக்க வேண்டுமென்றால் தலை ரோட்டைப் பார்த்தல்லவா சாய வேண்டும்? ஆணி அடிக்கத் தெரியாத எனக்கே இது தெரிகிறது. அப்படியானால் யாரைத் தடுக்கிறார்கள்?

கேட்க ஆளில்லை, பஸ்ஸும் கிளம்பிவிட்டது. இனி வருவது முழுக்கக் கற்பனை. என்னை நம்ப வேண்டாம்.

2

'முதலாளி ஹமீது மீசையை முறுக்கியபடி—'

வேண்டாம். மீசை முறுக்கும் முதலாளிகளை எழுதி எனக்கே அலுத்துவிட்டது. என் ஹமீது மாமல்லபுரத்துக்காரர், சாது. மில்லில் உரித்த கடலைப்பருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எப்படி என்று தெரியாமல் மனுஷன் சோறு இறங்காமல் கிடக்கிறார். வேலி போட ஆபிரகாம் என்ற காண்டிராக்டரைக் கூப்பிட்டார்.

"மண்செவுரு வெச்சி, மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிடலாம் பாய்."

"மழைக்குக் கரைஞ்சிடும். செவுத்துக்குப் பின்னாடி எவன் நிக்கிறான்னு இன்னா தெரியும்?"

"அப்போ பழையபடி கருவேல முள்ளே அடைச்சிடட்டா?"

"அதுலதான் சந்து கீதே! கம்பி போடு. ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும்."

"தலைய வெளிய சாய்க்கட்டா?"

"உள்ள சாய். வெளியாளு எவனும் வர்ல. உள்ள இருந்துதான் போய்கினு கீது."

(குறுக்கே ஒரு வார்த்தை: வேலி போடுகிறவர் முதலில் திருடனை முடிவு செய்கிறார். அப்புறம்தான் கம்பி வாங்குகிறார்.)

3

பழைய முள்வேலியில் அந்தச் சந்து உண்டானது ஆராயியால். கடலை உரிக்கிறவள், கைக்குழந்தைக்காரி. வேலிக்கு வெளியே புங்கமரத்தில் சேலைத் தூளி. பார்த்துக்கொள்ள நாத்தனார் சின்னப்பொண்ணு. குழந்தை அழுதால் ஆராயி சந்து வழியாகப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். கேட்டைச் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

இதை ஹமீதிடம் அவள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆம்பிளை முதலாளியிடம் போய் எந்தப் பெண் அதைச் சொல்வாள்? அவளுக்கு வெட்கம். அவருக்கோ கேட்கத் தோன்றவில்லை.

4

கம்பி போட்ட மறுநாள் குழந்தை அழுதது. மண்சுவராக இருந்தால் சத்தத்தோடு போயிருக்கும். கம்பியில் எல்லாம் தெரிகிறது. ஆராயி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணி, கத்திக் கத்தி தொண்ட கட்டிகினு கீது. கம்பியத் தூக்கு, உள்ள குடுக்கறேன்" என்றாள் சின்னப்பொண்ணு.

ஆராயி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைத் தூக்கினாள். ஹமீது தூரத்திலிருந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்தது, கம்பிக்கு வெளியே நீண்ட ஒரு கை.

"ஏ ஆராயி! மடியில இன்னா கீது?"

"கொயந்த அழுவுது மொதலாளி."

"மொதல்ல மடிய அவுத்துக் காட்டு!"

அவள் மடி கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கிறது.

5

முடிவு ஒன்று: மடியில் வெற்றிலை. ஹமீது தலைகுனிந்து— (சீ, அவளை உத்தமியாக்க எனக்கு இவ்வளவு அவசரமா?)

முடிவு இரண்டு: மடியில் கடலைப்பருப்பு. ஹமீது சந்தேகப்பட்டது சரி, ஆகவே குழந்தை— (ஆகவே என்ன? இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

உண்மையைச் சொல்கிறேன். ஆராயியைப் படைத்தவன் நான். எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருக்கிறது. மடியில் என்ன என்று எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே நீங்களும் இதுவரை வந்தீர்கள்? ஹமீது, நான், நீங்கள், மூன்று பேரும் அவள் மடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

சின்னப்பொண்ணின் இடுப்பில் குழந்தை அழுது களைத்துவிட்டது. கிட்டே எது வந்தாலும் சப்பப் பார்க்கும் வயசு. அது வாயைத் திறந்து முள்கம்பியை நோக்கிச் சாய்கிறது.

நான் இதற்குமேல் எழுத மாட்டேன். யாராவது போய்க் கேட்டைத் திறங்கள்.