காதை மூடுகிற ரகம்

என் காதிலிருந்து கறுப்பாக ஏதோ உதிர்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. தேநீர் டம்ளரோடு நான் அவள் படுக்கைப் பக்கம் குனிந்தபோது, “என்னங்க, மூளை காய்ஞ்சு கொட்டுது போலிருக்கே” என்றாள். கழுத்தைத் துடைத்துப் பார்த்தேன். மூளை இல்லை, பழைய ஹெட்ஃபோனின் மெத்தை. அந்த ஹெட்ஃபோன் எங்கள் மகளைவிட மூத்தது. இடது பக்கத்துக்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வயலின் என்றால் பேசாமல் இருக்கும். டிரம்ஸ் வந்தால் எட்டுக் காலாலும் உதைக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். கீழே நின்று கம்பிவடத்தின் முனகலை மட்டும் கேட்டு, மேலே போகிறவருக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லியிருக்கிறேன். அதையும்தான் யாரும் நம்பவில்லை.

என் மனைவிக்கு நோய் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். வலிக்குத் தோலில் ஒட்டுகிற பட்டை ஒன்று தருகிறார்கள். ஒட்டிய அன்று ஒழுங்காக வேலை பார்க்கும். மறுநாள் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும். என் ஓய்வூதியத்தில் பெரும்பாதி அந்தப் பட்டைக்குத்தான். அவள் உள்ளறையில், நான் கூடத்தில். அவள் கண்ணயரும் நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பேன். பழையதில் ஓட்டை உடைசல் அதிகம் என்பதால் கட்டில் கிறீச்சிட்டால்கூட எனக்குத் தெரியும், உடனே எழுந்து போய் நிற்பேன். சில வாரமாக உள்ளே ஒரு முனகலும் இல்லை. அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது என்று மகளுக்குப் போன் போட்டு, நான்தான் குணப்படுத்தியவன் போலப் பெருமையடித்துக்கொண்டேன்.

“புதுசா ஒண்ணு வாங்குங்க. நீங்க உதிர்ந்துக்கிட்டே வர்றதப் பாக்க நல்லாவா இருக்கு” என்று அவளே விரட்டினாள்.

கடையில் இருந்த பெண்மணி என் மகள் வயதுக்காரி. மலிவானதைத் தாண்டி, விலை கூடியதைத் தொடாமல், நடுவில் ஏதாவது காட்டச் சொன்னேன். இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்றின் முதுகு சல்லடை மாதிரி திறந்திருந்தது. பாட்டு நாலு பக்கமும் விரிந்து கேட்கும், ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வரும். இன்னொன்று முழுக்க மூடியது, காதைக் கவ்விப் பிடிக்கும். மூன்றாவதாக ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. வெளிச்சத்தத்தை மின்சாரத்தாலேயே தின்றுவிடுமாம். அதை எடுத்தால் என் மனைவிக்குப் பல வாரம் பட்டை கிடையாது. அது அலமாரியிலேயே நன்றாக இருந்தது.

“திறந்ததே குடும்மா. வீட்டுச் சத்தம் உள்ள வரணும்” என்றேன்.

“எல்லாரும் வரக்கூடாதுன்னு கேப்பாங்க சார்.”

“வீட்டுல ஒரு ஆள் கூப்பிடுவாங்க.”

“அதுக்குப் பயந்துதான் எங்க வீட்டுக்காரர் மூடினதை மாட்டிக்கிட்டுத் திரியறார்” என்று சொல்லிக்கொண்டே பில் போட்டாள். பிடிக்காவிட்டால் பெட்டி கசங்காமல் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என் மனைவியின் தலையில்தான் மாட்டினேன். மெலிந்த முகத்துக்கு அது விமானம் ஓட்டுகிறவள் களையைக் கொடுத்தது. வயலின் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், “ஏதாவது பேசுங்க” என்றாள்.

“பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நல்லாக் கேக்குதே.”

“அதுதான் இதுல விசேஷம். நீ லேசா இருமினாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்.”

அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “திருப்பிக் குடுத்துட்டு மூடினதை வாங்கிட்டு வாங்க.”

“அப்ப நீ கூப்பிட்டா கேக்காதே.”

“கேக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவிக் காட்டினாள். காணாமல் போயிருந்த துண்டு. ஓரம் முழுக்க நைந்து நூல் நூலாகத் தொங்கியது. வீட்டில் எலி இருக்கிறதென்று இதற்கு முன்பே நான் சந்தேகப்பட்டு, கட்டிலுக்கடியில் பொறி வைத்திருந்தேன்.

“எலி நான்தாங்க. உங்க பொறியிலதான் மாட்டலை” என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “வலி வந்தா வாய் விட்டுக் கத்தணும் எனக்கு. நீங்க அங்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இம்முன்னா ஓடி வந்து நிக்கறீங்க. அந்த மூஞ்சியப் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கு, வலியே தேவலைன்னு இருக்கு.”

எனக்கு எப்போதும் ஒரு பொய் கைவசம் இருக்கும். அன்று தேடினேன், கிடைக்கவில்லை. “நெசமாவே ஏதாவது ஒண்ணுன்னா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் பட்டன் வச்சீங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணு வைக்க மாட்டீங்களா?”

மறுபடி கடைக்குப் போனேன். “வீட்டுல பிடிக்கலையா சார்?” என்றாள் அந்தப் பெண்மணி. ரொம்ப நன்றாகக் கேட்கிறதாம் என்றேன். போகிற போக்கில் அலமாரியில் இருந்ததையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். மின்விசிறி, தெரு, அவள் பேச்சு, எல்லாம் ஒரேயடியாகப் போயின. கடை செத்துப்போனது மாதிரி இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு மூடிய ரகத்தை மாட்டினேன். அவள் என் முகத்துக்கு நேரே கைதட்டினாள். யாரோ தொலைவில் மொட்டை மாடியில் கம்பளி உதறுகிற மாதிரி அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது.

“இந்த விலைக்கு இவ்வளவுதான் சார்.”

“இவ்வளவு போதும்மா” என்றேன்.

பழைய சாமான் பெட்டியிலிருந்து லிஃப்ட் பட்டன் ஒன்றை எடுத்து என் மனைவியின் கைக்கெட்டுகிற இடத்தில் பொருத்தினேன். அழுத்தினால் கூடத்தில் என் நாற்காலிக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். சட்டம் அவள் போட்டது. “எரிஞ்சா வாங்க. எரியாம வந்து நின்னீங்க, நான் திரும்பத் துண்டை எடுத்துருவேன்.”

சோதனை ஓட்டமும் அவள்தான் நடத்தினாள். நான் மாட்டிக்கொண்டு வயலினை வைத்தேன். உள்ளேயிருந்து அவள் திட்ட ஆரம்பித்தாள். “யோவ் கிழவா” என்பதில் தொடங்கி, என் நடை, என் குறட்டை, என் அக்காமார் ஒவ்வொருவர் குணம் என்று வரிசையாகப் போயிற்று. மங்கலாக, ஆனால் ஒரு வார்த்தை சிந்தாமல் வந்தது. கடைசியில் விளக்கு எரிந்தது. எழுந்து போனேன்.

“கேட்டுதா?”

“எது?”

“உங்களைத் திட்டினேனே.”

“எப்ப?”

அவள் முகம் தெளிந்தது. துண்டை என்னிடம் நீட்டி, துவைக்கப் போடச் சொன்னாள். ஆயுசு முழுக்க நான் சொன்ன பொய்களில் அவள் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

மறுநாள் மத்தியானம், பட்டை பழசாகிவிட்ட நேரம். நான் கூடத்தில் இருந்தேன். வயலின் மெதுவாக இறங்கிவருகிற இடத்தில் அது வந்தது. முதலில் வார்த்தையாக இல்லை. அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் அறிந்ததில்லை. பிறகு அவளைப் பெற்றவளைக் கூப்பிட்டாள். பிறகு கடவுளை, மிகவும் மரியாதைக் குறைவாக. என்னைக் கூப்பிடவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். வயலின் என்ன செய்யும், அதுவே ஒரு இழைதான். இரண்டு கையாலும் மெத்தைகளைக் காதோடு அழுத்திக்கொண்டேன். விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. எட்டி அதைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் படுக்கையிலிருந்து பார்த்தால் என் வலது கால் மட்டும்தான் தெரியும். அந்தக் காலைப் பாட்டுக்குத் தாளம் போட வைத்தேன்.